தண்ணீருக்குள் நின்றவனின் மனைவி

இரண்டு ஊசியும் ஏறிவிட்டன. ஒன்று ரத்தத்தை வெளியே எடுத்துக்கொண்டு போக, இன்னொன்று சுத்தமானதைத் திருப்பிக் கொண்டுவர. கையை அசைக்காதீங்க சார் என்று அமலி சிஸ்டர் எப்போதும் சொல்வதைச் சொல்லி, குழாய்களைத் தோலோடு சேர்த்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள். டயாலிசிஸ் இயந்திரத்தின் உருளை சுற்றத் தொடங்குகிறது. இனி சாயங்காலம்வரை நான் இந்தக் கட்டிலுக்குச் சொந்தம். என் சிறுநீரகங்கள் வெளியேற்றாமல் விட்ட தண்ணீரையெல்லாம் இது மெல்ல மெல்ல உறிஞ்சி எடுக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. ஷூ ஏறவில்லை, செருப்போடுதான் வந்தேன். உடம்பெல்லாம் தண்ணீர், ஆனாலும் தாகம். இதை எப்படிச் சொன்னாலும் ஆரோக்கியமான மனிதருக்குப் புரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஏதாவது பேச வேண்டுமென்றால் முதலில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கும் தண்ணீரில் பாதி காலையில் மாத்திரை விழுங்கவே போய்விட்டது. சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான். உதட்டை நனைப்பான், துடைப்பான், மறுபடி நனைப்பான். என் மனைவி பொன்மலர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். கூட வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அவ்வப்போது அதில் அவள் நெற்றி தெரியும். குட்டையானவள், குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்ப்பாள். நெற்றியும் கண்ணும் மட்டும் வரும், வாய் வராது. நான் ஊசி இல்லாத கையைத் தூக்கிக் காட்டுவேன். கண் சிரிக்கும், கீழே இறங்கிவிடும்.

இன்று பஸ்ஸில் வரும்போதுதான் அந்த வார்த்தை. சமாதானபுரத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகு முழுக்க மாம்பழச்சாறு விளம்பரம். வெட்டிய மாம்பழம், கண்ணாடி டம்ளர், டம்ளரில் வழிகிற குளிர்ந்த துளிகள், அதற்கு மேல் கொட்டை ஆங்கில எழுத்து. நான் பார்க்காததுபோல் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். போர்டு எதைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டி வாசிப்பது அவள் பழக்கம். டான்டலைஸிங்னா என்னங்க என்று கேட்டாள். முப்பது வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவனிடம் கேட்டால் அவன் சும்மா இருப்பானா. அது ஒரு ஆளோட பேரு மலரு, என்றேன். கிரேக்கத்துக் கதை. டான்டலஸ் என்று ஒரு ராஜா, தேவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு வேண்டியவன். அவர்களுக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டான். செத்தபிறகு பாதாளத்தில் ஒரு குளத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் தாடைவரை நிற்கும். குடிக்கலாமென்று குனிந்தால் அப்படியே வற்றிக் கீழே கறுப்பு மண் தெரியும். நிமிர்ந்தால் மறுபடி தாடைவரை வரும். தலைக்கு மேல் பழம் தொங்கும், கையை நீட்டினால் காற்று வந்து கிளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இப்படியே காலாகாலத்துக்கும். அவன் பெயரிலிருந்து அந்த வார்த்தை வந்தது, கண்ணில் காட்டிக் கையில் கொடுக்காததற்கெல்லாம் அந்தப் பெயர்.  கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்லுவாங்கல்லா, அதுவா, என்றாள். அதேதான் என்றேன். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது, மாம்பழம் வளைவில் திரும்பி மறைந்தது. அப்போதுதான் அவள் கேட்டாள், அவன் பெண்டாட்டி எங்க நின்னா என்று. அவளைப் பற்றிக் கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆளுக்கு ஒரு பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். நான் பேரைக் கேக்கல, என்றாள். எங்க நின்னான்னு கேட்டேன்.

எங்கே நின்றாள். எத்தனை வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். கரும்பலகையில் அந்தப் பெயரை எழுதி அதன் வாலில் ஆங்கில விகுதியை ஒட்டி, பெயர் வினையாகி, வினை அடைமொழியாகிறது பாருங்கள் என்று சாக்பீஸ் கையைத் தட்டுவேன். தட்டிவிட்டு மேஜைமேல் இருக்கும் டம்ளரை எடுத்து மடமடவென்று குடிப்பேன். அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் எனக்குத் தண்ணீர் தவிக்கும். அப்போது அது வேடிக்கை, பையன்கள்கூடச் சிரிப்பார்கள். மிகக் கொடிய தண்டனை ஒன்றுக்கு வைத்த பெயர், நூற்றாண்டுகளில் தேய்ந்து தேய்ந்து, ஜூஸ் விற்கிற வார்த்தையாகிவிட்டது. இப்போது அதைக் கேட்டவர்கள் யாருக்கும் தாடைவரை நிற்கிறவன் ஞாபகம் வருவதில்லை, மாம்பழம்தான் ஞாபகம் வருகிறது. ஒரு உலோகத்துக்கும் அவன் பெயரை வைத்திருக்கிறார்கள். அமிலத்தில் முக்கி வைத்தாலும் அதை உறிஞ்சாமல் சும்மா கிடக்கும் என்பதால், அதைக் கண்டுபிடித்தவர் அப்படிப் பெயரிட்டார். செல்போன் மாதிரிச் சாதனங்களுக்குள் அது துளித் துளியாக இருக்குமாம். இந்த இயந்திரத்துக்குள்ளும் இருக்கலாம், என் கைக்குப் பக்கத்திலேயே. அவன் செய்த குற்றம் என்ன என்பதில் ஆளுக்கொரு கதை. பெற்ற பிள்ளையையே வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்குப் பரிமாறினான் என்று ஒன்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அந்தக் குற்றத்துக்கு எனக்கு வழியே கிடையாது. பந்தியில் கேட்ட ரகசியத்தை வெளியே சொன்னான் என்று ஒன்று. எனக்குப் பிடித்தது வேறு. தேவர்கள் சாப்பிடுகிற சாகா உணவை மடியில் கட்டிக் கொண்டுவந்து கீழே இருக்கிற தன் மனுஷருக்குக் கொடுத்தானாம். அப்படியென்றால் யாருக்குக் கொடுத்திருப்பான். முதல் வாயை யாருக்கு ஊட்டியிருப்பான். வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாளே. கெண்டைக்கால் லேசாக இழுக்கிறது. தண்ணீரை வேகமாக எடுத்தால் இப்படித்தான் தசை சுருட்டிக்கொள்ளும். பாதத்தை மடக்கி மடக்கி நீட்டுகிறேன். சரியாகிறது.

பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறது. வந்து படுத்ததிலிருந்து அந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்றுதான் இருந்தேன். பிச்சையா அண்ணாச்சியின் கட்டில் அது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர், எந்தப் பேச்சையும் சத்தமாகவே பேசுவார். ஐஸ்கட்டியை வாயில் அடக்கினால் தண்ணியைவிட ரொம்ப நேரம் வரும் சார் என்பார். போன வாரம் ஊர்க் கோயில் கொடை விழாவில் கலர் சோடா குடித்துவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஒண்ணுதான் குடிச்சேன் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். இன்று அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருக்கிறது. ஒரு சுருக்கம் இல்லை. இங்கே விரிப்பு அப்படி இருந்தால் யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் வேறொருவர் படுத்திருப்பார், பெயர் கேட்டுக்கொள்வோம், எந்த ஊர் என்று கேட்டுக்கொள்வோம். அமலி சிஸ்டர் இந்தப் பக்கம் வரும்போது கேட்கலாம். நாக்கைப் பிரித்து, ஒரு வார்த்தை. கேட்கவில்லை. அவள் போகட்டும். தெரியாதவரைக்கும் அண்ணாச்சி எங்கேயோ சோடா குடித்துக்கொண்டிருக்கிறார். குடிக்கட்டும். பெரிய வெள்ளி ஆராதனையில் சிலுவையில் கர்த்தர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கம் செய்வார்கள். ஐந்தாவது வார்த்தை தாகத்தைப் பற்றியது. இந்த வருஷம் அதைப் பிரசங்கித்தவர் நடுவில் நிறுத்தி, மைக்கின் அருகிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. மலரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் தண்ணீர் குடிக்கிற சத்தத்தில்தான் எனக்கு அவளைத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால், தேவாலயப் பாடகர் குழுவில் ஒத்திகை முடிந்து எல்லோரும் காம்பவுண்டுக் குழாயடிக்கு வருவார்கள். மற்றப் பெண்கள் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு ஒரு மிடறு குடிப்பார்கள். இவள் செம்பைத் தூக்கி அண்ணாந்து, உதட்டில் படாமல், மடக் மடக்கென்று, தொண்டை ஏறி இறங்க, செம்பு காலியாகும்வரை. கடைசியில் ஒரு மூச்சு விடுவாள், அது ஒரு பாட்டு முடிந்த மாதிரி இருக்கும். அம்மா பெண் பார்க்கப் போகலாம் என்றபோது நான் பார்த்தாகிவிட்டது என்றேன். கல்யாணமானபிறகும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவளுக்குச் செம்பு வேண்டும். ராத்திரி எழுந்து அடுக்களைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து படுப்பாள், இருட்டிலேயே எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். இப்போது கேட்டு எவ்வளவு நாளாயிற்று. நேற்று. நேற்று மத்தியானம் சாப்பிட்டபோது தட்டுக்குப் பக்கத்தில் செம்பு இருந்ததா. ரசம் ஊற்றிக்கொண்டாள். இல்லை, ரசம் எனக்கும் கிடையாது, அவளும் ஊற்றிக்கொள்ளவில்லை. ராத்திரி தோசை தொண்டையில் அடைத்து விக்கினாள், எழுந்து உள்ளே போனாள், வந்தாள். அதற்கு முந்தின வாரம் மரியதாஸ் வீட்டுக் கல்யாணத்தில் இலைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டிலை மூடி திறக்காமல் பைக்குள் போட்டாள். சாப்பாட்டு மேஜையில் எப்போதும் இருக்கிற கூஜா எங்கே. மேஜைமேல் இப்போது ஊறுகாய் பாட்டில் இருக்கிறது, விசிறி இருக்கிறது. கூஜாவை எப்போது எடுத்தாள். உதடு வெடித்திருக்கிறது, நெய் தடவிக்கொள்கிறாள், வெயில் காலம் என்றாள். போன ஞாயிறு ஆராதனைப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் குரல் பிசிறிவிட்டது, பாதியில் உட்கார்ந்துவிட்டாள், வயசாகுதுங்க என்றாள். நான் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு என் உதட்டை நனைத்துக்கொண்டேன். ஒரு வருஷமாக எதிரே உட்கார்ந்திருக்கிறாள், நான் என் தாகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதவைப் பார்க்கிறேன். கண்ணாடியில் நெற்றி இல்லை. வெகுநேரமாக இல்லை. வந்து எட்டிப் பார்த்திருப்பாள், நான் எதையோ யோசித்துக்கொண்டிருந்திருப்பேன், போயிருப்பாள். இல்லை. இன்று ஒரு முறையும் நான் கையைத் தூக்கவில்லை.

வெளியே ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம். யாரோ, பிடிங்க பிடிங்க, என்கிறார்கள். அமலி சிஸ்டர் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள். கதவு ஆடி நிற்கிறது, இடுக்கில் வராந்தாத் தரையில் ஒரு செருப்பு தெரிகிறது. தனியாக, கவிழ்ந்து. பச்சை வார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எழுந்திருக்கிறேன். எழுந்திருக்க முடியாது. கை இழுக்கிறது, குழாய் மடங்குகிறது, இயந்திரம் கத்தத் தொடங்குகிறது. என் ரத்தம் பாதி வெளியே இருக்கிறது, அதை விட்டுவிட்டு நான் எங்கே போவேன். மலரு என்று கூப்பிடுகிறேன். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை, காற்றுதான் வருகிறது. வலது கையைத் தூக்குகிறேன், யாருக்கு என்று தெரியாமல், அந்தக் கண்ணாடியைப் பார்த்து. இயந்திரம் கத்துகிறது. எதிர்க் கட்டில் அம்மா, சார் படுங்க, ஊசி நகர்ந்துரும், படுங்க என்கிறார்கள். படுக்கிறேன். கர்த்தாவே என்பதைத் தவிர வேறு ஒன்றும் நினைக்க வரவில்லை. பிறகு கதவு அகலத் திறக்கிறது. ஸ்ட்ரெச்சர். சேலைத் தலைப்பு தரையில் புரள்கிறது, அமலி சிஸ்டர் அதை அள்ளி அவள் வயிற்றில் போடுகிறாள். கண் திறந்திருக்கிறது. திறந்திருக்கிறது. என்னைப் பார்த்து, ஒண்ணுமில்ல, என்று உதடு அசைகிறது. வார்டில் இடமில்லை, பிச்சையா சார் பெட்ல போடுங்க, அவரு பேத்திக்குக் காதுகுத்துன்னு நாளைக்கு வாறேன்னு சொல்லிட்டாரு, என்று சிஸ்டர் சொல்வது காதில் விழுகிறது. சுருக்கமில்லாத அந்த விரிப்பில் அவளைக் கிடத்துகிறார்கள்.

டாக்டர் வந்தார், இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார், என்னென்னவோ கேட்டார். ஒண்ணுக்குப் போகையில் எரிச்சல் இருக்கிறதா என்று கேட்டதற்கு அவள் என் பக்கம் பார்த்துவிட்டு, ரொம்ப நாளா இருக்கு, என்றாள். எனக்கு அதுவும் தெரியாது. உடம்பில் தண்ணியே இல்லம்மா, தண்ணி குடிக்கிறதே இல்லையா, இப்படியே போனா உங்க கிட்னியும் கெட்டுப்போகும், அப்புறம் இந்தக் கட்டில் உங்களுக்கு நிரந்தரமாயிரும் என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டு, ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்கு எடுக்கச் சொன்னார். அமலி சிஸ்டர் அவள் கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுப் போனாள். இப்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறோம். என்னிடமிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அவளுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு கை நீள இடைவெளி. நான் வலது கையை நீட்டினால் அவளுடைய விரல் நுனி கிடைக்கிறது. சில்லென்று இருக்கிறது.

"எப்ப இருந்து?" என்றேன்.

அவள் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு தண்ணியைக் குறைக்கச் சொன்னாங்கல்லா, அந்த முதல் மாசம். சாப்பிடும்போது நான் செம்பைத் தூக்கிக் குடிச்சேன். நீங்க பாத்தீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லல. பாத்தது எனக்கில்லா தெரியும்."

அதற்குப்பிறகு அடுக்களைக்குள் போய்க் குடித்தாளாம். குழாய்ச் சத்தம் எனக்குக் கேட்குமென்று கொல்லைப்பக்கம் போய்க் குடித்தாளாம். அங்கே நின்று குடிக்கும்போது திருடுகிற மாதிரி இருந்ததாம். அப்புறம் இங்கே வருகிற நாட்களில் மட்டும் சாயங்காலம்வரை குடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாளாம், உங்களுக்குத் துணைக்கு என்றாள். அது மற்ற நாட்களுக்கும் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, செம்பைத் தூக்கினால் தொண்டை அடைத்துக்கொள்ளும், நீங்க இல்லாம எப்படி இறங்கும் என்றாள், ஏதோ சாப்பாட்டு விஷயம் பேசுவதுபோல. நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன். கோபம்தான் முதலில் வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனமா என்று. எனக்கு நோய் வந்தது நான் கேட்டா வந்தது, நீ கேட்டல்லவா வாங்கியிருக்கிறாய்.  அந்தப் பார்வை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப்பார்க்கிறேன். சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீரைப் பார்த்தேனா, அவள் தொண்டையைப் பார்த்தேனா. பாடகர் குழுவிலிருந்து இன்றுவரை நான் பார்த்த அதே பார்வையாகக்கூட இருந்திருக்கலாம், அவளுக்குத் தவறாகப் பட்டிருக்கலாம். அல்லது தவறாகப் படாமலும் இருந்திருக்கலாம். இனிமேல் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

"மலரு," என்றேன். "நீ தண்ணி குடிக்கத எனக்குப் பாக்கணும்."

"சும்மா இருங்க."

"ஒரு வருஷமா வீட்ல அந்தச் சத்தமே இல்ல. அது இல்லாமதான் எனக்கு ரொம்ப வறண்டு போச்சு."

அவள் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். சேலை முந்தானை மெல்ல நகர்ந்து கண்ணுக்குப் போனது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு உடம்பில் ஏறிவிட்டது என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக எனக்கே சிரிப்பு வந்தது. உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அவள் தூங்கிப்போனாள். தூக்கத்தில் உதடு லேசாகத் திறந்திருந்தது. வெடிப்புகளை இவ்வளவு பக்கத்திலிருந்து இப்போதுதான் பார்க்கிறேன். கண்ணாடிக்கு மேலே வராத வாய்.

சாயங்காலம் எனக்கு ஊசியை எடுத்து, கட்டுப்போட்டு, எடை பார்த்தார்கள். அவளுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, பரிசோதனை முடிவு அடுத்த முறை வரும்போது தெரியும் என்றார்கள். அமலி சிஸ்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம்தான் நிறையச் சொன்னாள், தண்ணி தண்ணின்னு மனப்பாடம் பண்ணிக்கோங்க அம்மா என்று. யார் யாரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம் என்று தெரியாமல் இரண்டு பேரும் வெளியே வந்தோம். வெயில் இறங்கியிருந்தாலும் தரை கொதித்தது. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆட்டோக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள். கீற்றுக் கூரை, மணலில் பதித்த இரண்டு பானை, மேலே ஈரச் சாக்கு. அவள் அதைத் தாண்டி நடந்தாள், நடை வேகமானது. நான் நின்றேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மற்றக் கையால் மூடியை நகர்த்தி ஒரு டம்ளர் மொண்டேன். மண்ணும் வெட்டிவேரும் மணக்கிற தண்ணீர். கொஞ்சம் விரலில் வழிந்தது. அவளிடம் நீட்டினேன். அவள் சுற்றிலும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி மரத்தின் பக்கம் திரும்பினாள்.

"இங்கிட்டுத் திரும்பிக் குடி," என்றேன்.

முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். பிறகு திரும்பினாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து உதட்டில் வைத்து, பயந்து பயந்து ஒரு வாய். அது இறங்கியது. என்னைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளே போய் இன்னொரு டம்ளர் மொண்டு வந்தாள். இந்த முறை அண்ணாந்தாள். உதட்டில் படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்தது, தொண்டை ஏறி இறங்கியது, மடக் மடக்கென்று அந்தச் சத்தம் வந்தது, தாடையில் வழிந்து ரவிக்கையை நனைத்தது, அவள் நிறுத்தவில்லை. காலியான டம்ளரைக் கீழே இறக்கி ஒரு மூச்சு விட்டாள். போதுமா என்று கேட்டேன். இன்னும் ஒண்ணு குடிக்கட்டா என்றாள். நான் தலையசைத்தேன். காலையிலிருந்து மரக்கட்டையாகக் கிடந்த என் வாயில் எச்சில் ஊறியிருந்தது. அதை மெதுவாக விழுங்கினேன்.